பிளாஸ்மாவும் பதில் கடிதங்களும்

அந்த அக்கா என் கடைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. திங்கட்கிழமை மனு நாள். மாவட்ட ஆட்சியர் நேரில் உட்கார்ந்து மக்களிடம் மனு வாங்குவார். வாங்கிய கையோடு பின்னால் நிற்பவரிடம் நீட்டுவார். அந்த மனுக்களைத் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. தேனியில் ஒரு பேக்கரிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே பத்துக்கு எட்டில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பட்டா மாறுதல், பாதைத் தகராறு, முதியோர் உதவித்தொகை என்று பதினெட்டு வருடமாக அடித்துக் கொடுத்திருக்கிறேன். அரசாங்கத்திடம் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும். அரசாங்கம் எப்படிப் பேசும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். 'ஆவன செய்யப்படும்.' 'பரிசீலனையில் உள்ளது.' யார் செய்வார், யார் பரிசீலிக்கிறார் என்பது அந்த வாக்கியங்களில் ஒருபோதும் இருக்காது.

கூட்டம் குறையும்வரை அக்கா வெளியே நின்றார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை, கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. உள்ளே வந்து உட்கார்ந்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"எந்த ஊருக்கா? என்னா விசயமா மனு?"

"கம்பத்துக்கு அங்கிட்டு, சுருளிப்பட்டிப் பக்கம். எங்க வீட்டுக்காரு பள்ளிக்கூடத்துல ட்ராயிங் மாஸ்டரா இருந்தாக. தவறி ரெண்டு வருசம் ஆகப்போகுது."

"வாரிசுச் சான்றா, பென்சனா?"

"அதெல்லாம் வந்துருச்சு. இது வேற. அவுகளுக்கு ஆஸ்பத்திரியில ஏத்துன பிளாஸ்மாவுல ஈரல் நோய் வந்துருச்சு. அதுலதான் செத்தாக. அத எழுதணும்."

கீபோர்டில் இருந்த என் விரல்கள் நின்றுவிட்டன.

"அவுகளுக்கு எதுக்குக்கா பிளாஸ்மா?"

"ரத்தம் ஒறையாத நோவு. ஹீமோபிலியாம்பாக. பெறவியிலயே."

எனக்கும் பிறவியிலேயே அதுதான். ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு பொருள் எங்கள் உடம்பில் இல்லை. வெட்டுக்காயத்தைவிட மூட்டுக்குள் கசிவதுதான் கொடுமை. காரணமே இல்லாமல் முட்டி வீங்கும். ஒரு வாரம் கால் மடங்காது. அதற்கு 'ஃபாக்டர்' என்று ஓர் ஊசி இருக்கிறது. அரசு மருத்துவமனையில் இலவசம். பாதி நாள் இருப்பிருக்காது. அப்போது யாரோ கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை ஏற்றி அனுப்புவார்கள். அக்காவின் கணவருக்கு ஏற்றிய அதே ஆஸ்பத்திரியில்தான் எனக்கும் ஏற்றினார்கள். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒரு கட்டடம் மட்டும் கெட்டது, மற்றதெல்லாம் ஒழுங்கு என்று ஆகிவிடும்.

எனக்குள்ளும் அதே கிருமி இருந்தது. கல்லீரலைத் தின்னும் சி வகை வைரஸ். அக்கா வருவதற்குப் பதினொரு மாதம் முன்பு, ஒரு கடைவாய்ப் பல் பிடுங்கப் போனபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. டாக்டர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"தண்ணி அடிப்பீங்களா?"

"இல்ல சார்."

"போதை ஊசி?"

"நான் போட்ட ஊசியெல்லாம் ஆஸ்பத்திரி ஊசிதான் சார்."

"பச்சை குத்தியிருக்கீங்களா? வெளிய போற பழக்கம்?"

"சார், இங்கதான் எனக்கு அம்பது பைக்கு மேல பிளாஸ்மா ஏத்தியிருக்காக."

அவர் நான் சொன்னது காதில் விழாதவர்போல், எப்படி வந்தது என்று தெரியவில்லை என இங்கிலீஷில் எழுதினார். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. என் மனைவிக்கும் பரிசோதனை செய்தோம், அவளுக்கு இல்லை. "யாருட்டயும் சொல்ல வேணாங்க, கடைக்கு ஆளு வராது" என்றாள். சொல்லவில்லை. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டேன். அதுவும் அரசு கொடுத்ததுதான், இலவசம். வைரஸ் போய்விட்டது. ஈரலில் விழுந்த வடு போகாது என்றார்கள். ஊருக்கெல்லாம் மனு எழுதியவன் எனக்கென்று ஒரு வரி எழுதவில்லை. மற்றவர்களைக் கேவலமாகப் பேசுவதற்கு முன் இதையும் சொல்லிவிட வேண்டும்.

அக்காவின் மனுவைப் பழக்கதோஷத்தில் வழக்கம்போல் ஆரம்பித்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையை வாசித்தார்.

"இந்தப் 'பணிவுடன்'ங்கிறது எதுக்கு தம்பி?"

"எல்லா மனுவுலயும் போடுறதுக்கா. மரியாதைக்கு."

"எடுத்துருங்க. கீழ 'தங்கள் கருணை'ன்னு இருக்கே, அதையும்."

எடுத்தேன். மனு நாலு வரிக்குச் சுருங்கிவிட்டது. இந்த இந்தத் தேதிகளில் பிளாஸ்மா ஏற்றப்பட்டது. அதில் கிருமி வந்தது. அவர் இறந்தார். உங்கள் ரத்தத்தில்தான் வந்தது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"நிவாரணம் எதுவும் கேக்கலையாக்கா?"

"கேட்டா அதுக்குத்தான் வந்துருக்கான்னுவாக. மொதல்ல ஒத்துக்கிறட்டும்."

பிரிண்ட் கொடுக்கப் போன கை நின்றது. "இன்னொரு பேரும் சேக்கலாமாக்கா?"

"யாரு பேரு?"

"என் பேரு."

அக்கா ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. என் முட்டியைப் பார்த்தார். "மாத்திர சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன். போயிருச்சு."

"அவுகளுக்குத் தெரியிறப்ப மாத்திரைக்குக் கேக்காத எடத்துக்குப் போயிருச்சு தம்பி. ரத்தமா வாந்தி எடுத்தாக. அந்த ரத்தமும் ஒறையல."

பிறகு பையிலிருந்து ஒரு ட்ராயிங் நோட்டை எடுத்தார். மாஸ்டர் ஒவ்வொரு முறை அட்மிட் ஆனபோதும், பை காலியானதும் அதன் லேபிளை நர்ஸிடம் கேட்டு வாங்கி நோட்டில் ஒட்டியிருக்கிறார். லேபிளில் பை எண், தேதி. பக்கத்தில் பென்சிலில் ஒரு படம்: கட்டிலிலிருந்து பார்த்தால் என்ன தெரிந்ததோ அது. டிரிப் ஸ்டாண்டு. ஜன்னலில் புறா. பக்கத்துக் கட்டில்காரரின் பாதம். பல வருடங்களுக்கும் சேர்த்து அறுபத்துச் சொச்சம் லேபிள்கள்.

"பொழுது போகாம ஒட்டிக்கிருந்தாக," என்றார் அக்கா. "இது சாட்சிக்கு ஆகும்னு அவுகளுக்கே தெரியாது."

மனு கொடுத்த ஒன்பதாம் நாள் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடிக்கப்பட்டது. என்ன நடவடிக்கை என்பது மூன்று வாரம் கழித்துத் தபாலில் வந்தது. எங்கள் மனு மேலிருந்து சுகாதார அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய், கடைசியில் யார் மேல் புகார் சொன்னோமோ அந்த ரத்த வங்கி அதிகாரியின் மேசைக்கே போய்ச் சேர்ந்திருந்தது. அவரே பதில் எழுதியிருந்தார். இந்த ரத்த வங்கியில் எல்லா ரத்தமும் ஐந்து வகைத் தொற்றுக்கும் பரிசோதிக்கப்பட்ட பின்னரே வழங்கப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே மனுதாரர்கள் கூறுவது நடந்திருக்க வாய்ப்பில்லை.

அந்த 'ஆகவே'யை நான் நாலைந்து தடவை வாசித்தேன். ஹெல்மெட் போட வேண்டும் என்பது சட்டம். ஆகவே குமுளி ரோட்டில் இதுவரை யாருக்கும் மண்டை உடையவில்லை. இந்தப் புத்திசாலித்தனத்துக்குக் கீழே பச்சை மையில் கையெழுத்து வேறு.

இரண்டாவது மனுவில் லேபிள் பக்கங்களின் நகலை இணைத்தோம். விசாரணைக் குழு ஒன்று போட்டிருப்பதாகக் கடிதம் வந்தது. அக்கா அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உறை ட்ராயிங் மாஸ்டர் பெயருக்கு வந்திருந்தது. உள்ளே, மனுதாரர் அடையாள அட்டையுடன் தவறாமல் நேரில் ஆஜராக வேண்டும், தவறினால் தமக்குக் கூற ஏதும் இல்லை எனக் கருதப்படும் என்று இருந்தது. இறந்துபோனார் என்று எழுதிய மனுவுக்கு இது பதில். நாலு வரிதான் எழுதியிருந்தோம். அந்த நாலு வரியைக்கூட வாசிக்கவில்லை.

"அவுகளையும் கூட்டிட்டு வரச் சொல்றாகளா தம்பி?" என்றார் அக்கா. சிரிப்பில்லை, கோபமும் இல்லை.

விசாரணை இரண்டாம் மாடியில். லிப்ட் ரிப்பேர். ரத்தம் உறையாதவர்களை விசாரிக்க இரண்டாம் மாடியைத் தேர்ந்தெடுத்த டாக்டர்களை என்னவென்று சொல்வது. ஒவ்வொரு படியிலும் வலது காலை வைத்து, இடது காலை இழுத்து ஏறினேன். அக்கா என் பையையும் வாங்கிக்கொண்டார்.

நீள மேசைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். நடுவில் தலைவர். அவருக்கு வலப்பக்கம், குழுவின் உறுப்பினராக, அதே ரத்த வங்கி அதிகாரி. இடப்பக்கம் ஒரு இளைய டாக்டர். ஓரத்தில் ஒரு பெண் எங்கள் வாக்குமூலத்தை டைப் செய்யக் காத்திருந்தார். அவர்கள் முன்னால் டீயும் முந்திரி பிஸ்கட்டும். எங்களுக்குச் சுவரோரம் ஒரு பெஞ்சு.

தலைவர் மெதுவான குரல்காரர். இந்த மாதிரி மெதுவான குரல்களை எனக்குப் பிடிக்காது. எரிந்து விழுகிற குமாஸ்தாவிடம் சண்டையாவது போடலாம்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ப்ரொசீஜர்னால கேக்குறேன். உங்க ஹஸ்பெண்டுக்கு வெளிப் பழக்கம் ஏதாவது உண்டா?"

அக்கா எழுந்து நின்றார். "அவுகளுக்கு ரெண்டு முட்டியும் மடங்காது சார். பஸ்ஸுல ஏறவே ரெண்டு பேரு தாங்கணும். வெளிப் பழக்கத்துக்கு அவுக எங்கிட்டுப் போவாக? போனதெல்லாம் ஒரே எடந்தான். இங்கனதான். இந்த ஆஸ்பத்திரிக்குத்தான்."

டைப் செய்யும் பெண்ணின் விரல்கள் வேகமாக ஓடின. தலைவர் அவர் பக்கம் திரும்பி, "அத எழுத வேணாம்மா" என்றார். அந்தப் பெண் அழித்தார். ஒவ்வொரு எழுத்தாக அழிக்கும் அந்தச் சத்தம் எனக்குப் பழகிய சத்தம்.

நோட்டை வாங்கிப் புரட்டினார்கள். இளைய டாக்டர் புறாப் பக்கத்தில் நிறுத்தி, "நல்லா வரைஞ்சிருக்கார்" என்றார். அந்த அறையில் அன்று சொல்லப்பட்ட ஒரே மனிதப் பேச்சு அதுதான். அவருக்கே அது போதும் என்று பட்டிருக்க வேண்டும். நோட்டைத் தலைவர் பக்கம் நகர்த்தினார்.

"இத விட்டுட்டுப் போங்கம்மா," என்றார் தலைவர். "வெரிஃபை பண்ணிட்டு அனுப்பிருவோம்."

"நெம்பர உங்க ரிஜிஸ்டரோட ஒத்துப் பாருங்க சார். முடியிற வரைக்கும் நான் இங்கனயே உக்காந்துருக்கேன்."

ரத்த வங்கி அதிகாரி முதல்முறையாக வாய் திறந்தார். "ரிஜிஸ்டர் அஞ்சு வருசத்துக்கு மேல வைக்கிறதில்லம்மா. ரூல்ஸ்படி அழிச்சாச்சு."

"அப்ப எதோட ஒத்துப் பாப்பீக?"

பிஸ்கட் தட்டை யாரோ நகர்த்தினார்கள். அக்கா மேசையருகே போய் நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். நாங்கள் மறுபடி இரண்டு மாடி இறங்கினோம். குழுவின் அறிக்கை பின்னால் எங்கள் கைக்கு வந்தபோது அந்தக் காலைப்பொழுது ஒரு வரியில் இருந்தது: மனுதாரர் அசல் ஆவணத்தை ஒப்படைக்க மறுத்து விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை.

பக்கத்துப் பேக்கரிக்கு டீ குடிக்க வரும் ஒரு நிருபர் பெயர் போடாமல் சின்னதாக ஒரு செய்தி எழுதினார். அது வெளியான நாலாம் நாள் அக்கா வீட்டு வாசலில் ஜீப் நின்றது. வருவாய்த் துறை ஆள் ஒருவர், கிராம நிர்வாக அலுவலர், ஒரு கூடை ஆப்பிள், போட்டோ எடுக்க ஒருவர். ஜீப்புக்குப் பின்னால் ஒரு ஆட்டோவில் புத்தம்புதுத் தையல் மெஷின். அரசு கருணையுடன் பரிசீலித்து, கணவரை இழந்த அவருக்குச் சுயதொழில் செய்ய வழங்குகிறதாம்.

அக்கா இருபது வருடமாகத் தையல்காரி. அந்தச் சுற்று வட்டாரத்தில் பாதிப் பள்ளிக்கூட யூனிபாரம் அவர் தைத்ததுதான். வீட்டில் இரண்டு மெஷின், ஒன்றில் மோட்டார். மாவட்டத்திலேயே தையல் மெஷின் தேவைப்படாத விதவை ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். இது தெரியாமல் செய்ததும் இல்லை. கிராம நிர்வாக அலுவலரின் பிள்ளைகளுக்கே அவர்தான் தைக்கிறார்.

"ஏன்யா, உங்களுக்குத் தெரியாதா?" என்று அக்கா அவரைக் கேட்டிருக்கிறார்.

"தெரியும்க்கா. மேல ஏதாச்சும் குடுத்து முடிக்கச் சொன்னாக. லிஸ்ட்டுல விதவைக்கு இதான் இருந்துச்சு."

மெஷினை வந்த ஆட்டோவிலேயே ஏற்றச் சொல்லிவிட்டார் அக்கா. ஆப்பிளையும்தான். எனக்கு அதே வாரம் ஒரு ஜோடி ஊன்றுகோல் கடைக்கு வந்தது. என்னைவிட ஒரு சாண் உயரமான ஆளுக்குச் செய்தது. ஊன்றுகோலை ஊன்றினால் எனக்கு முழங்கையில் ரத்தம் கட்டும் என்று எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். மறுநாள் இருவர் போனுக்கும் செய்தி வந்தது. தங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது.

அன்றைக்கு எனக்கு வந்த உணர்ச்சிக்குக் கோபம் என்று பெயரில்லை. கோபம் வர எதிரில் ஓர் ஆள் வேண்டும். இது, சாக்கடை மூடியில் கால் வைத்து, அது ஆடும்போது வரும் அருவருப்பு.

நான் எதற்காகவாவது படித்திருக்கிறேன் என்றால் அது தகவல் உரிமை மனுவுக்காகத்தான். ரத்தத்தின் பதிவேட்டை அழித்துவிட்டார்கள். ஆனால் வாங்கிய பொருள்களின் காகிதத்தை, தணிக்கை முடியாமல், எந்த ஆபீஸும் எரிக்காது. அதனால் ரத்தத்தைப் பற்றிக் கேட்காமல், பரிசோதனைக் கிட்டுகளுக்காக ஆஸ்பத்திரி மேலே எழுதிய கடிதங்களின் நகலைக் கேட்டேன். இரண்டு மேல்முறையீடு, ஏழு மாதம். கடைசியில் தடித்த கட்டு ஒன்று வந்தது. முக்கால்வாசி பஞ்சு, கையுறை, பினாயில். அதற்கு நடுவில், பினாயிலுக்கும் பெட்ஷீட்டுக்கும் இடையில், அந்தக் கடிதம் இருந்தது. கல்லீரல் சி வகைத் தொற்றுக்கான கிட் இருப்பு முற்றிலும் தீர்ந்துவிட்டது, மூன்று நினைவூட்டல் அனுப்பியும் வரவில்லை, உடனே அனுப்ப வேண்டும். எழுதியவர் அதே ரத்த வங்கி அதிகாரி. தீர்ந்த தேதிக்கும் கிட் வந்து சேர்ந்த தேதிக்கும் நடுவில் ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் ரத்தம் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது.

கட்டைக் கட்டிய குமாஸ்தா அதை வாசித்திருக்க மாட்டார். ஒளித்து வைக்கிற அளவுக்குக்கூட எங்களை அவர்கள் மதிக்கவில்லை.

போன் செய்ததும் அக்கா அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். நோட்டை விரித்துத் தேதிகளை வைத்துப் பார்த்தோம். அந்த ஏழு வாரத்துக்குள் நாலு லேபிள். என்னுடைய பழைய டிஸ்சார்ஜ் சீட்டு ஒன்றும் அதற்குள்தான் வந்தது. நாலாவது லேபிளுக்குப் பக்கத்தில், பாதி உரித்த ஆரஞ்சுப் பழத்தின் படம்.

"இந்த ஆரஞ்ச நான்தான் உரிச்சுக் குடுத்தேன்," என்றார் அக்கா. "வேணாம் வேணாம்னாக. பிளாஸ்மா ஏறுது, தெம்பா இருக்கணும்னு சொல்லி ஊட்டிவிட்டேன்."

அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிரிண்டரைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அந்தக் கடிதத்தை இணைத்துச் சென்னையில் சுகாதாரத் துறைக்கு அனுப்பினோம். எட்டு மாதத்தில் உத்தரவு வந்தது. இரண்டு பக்கம். சம்பந்தப்பட்ட அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டதால் அவர்மீது நடவடிக்கை எடுக்கும் நிலை எழவில்லை. முதல் மனுதாரரின் கணவர் இறந்துவிட்டதால் அவருக்குச் சிகிச்சை வழங்க இயலாது. இரண்டாம் மனுதாரர் அரசின் இலவச மருந்தால் குணமடைந்துள்ளதால் அவருக்குப் பாதிப்பு ஏதும் தொடரவில்லை. ரத்த வங்கியில் கவனக்குறைவாக இருந்த ஒப்பந்த ஆய்வக நுட்புநர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். இனிவரும் காலங்களில் கிட் இருப்பு உறுதி செய்யப்பட வேண்டும் என அறிவுறுத்தப்படுகிறது.

அக்கா கடைசி வரியில் விரல் வைத்தார். "'இனி'ன்னு போட்டுருக்காகளே தம்பி. அப்ப முன்னாடி இல்லன்னு ஒத்துக்கிட்டாகன்னுதான அர்த்தம்?"

"அர்த்தம் அதுதாங்க்கா. எழுத்து அது இல்ல."

விரலை மேலே நகர்த்தி, "அந்த நுட்புநரு யாரு?" என்று கேட்டார்.

விசாரித்தோம். போடியில் ஒரு பெண், ரத்த வங்கியின் லேப் டெக்னீஷியன். வேலைக்குச் சேர்ந்தே ஒரு வருடம்தான். கிட் தீர்ந்துபோன அந்த ஏழு வாரத்தில் அவள் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்ற அதிகாரியைத் தொட முடியாது, மேலே இருப்பவர்களைத் தொட மாட்டார்கள். உத்தரவென்று எழுதினால் யாரையாவது தண்டித்தாக வேண்டும். கையில் கிடைத்தவள் அவள்.

"நம்ம மனுவால ஒரு பிள்ளைக்கு வேல போயிருச்சு," என்றார் அக்கா. "வாங்க, போயிட்டு வருவோம்."

போடிக்குப் போனோம். அவள் வீட்டில் யாரும் எங்களை வா என்று சொல்லவில்லை. வாசலிலேயே நிற்க வைத்தாள். "உங்களாலதான் சார்" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். நியாயம்தான். அக்கா பையைத் திறந்து, கிட் கடிதத்தையும் லேபிள் பக்கங்களையும் எங்கள் உத்தரவையும் நகலெடுத்து வைத்திருந்ததை நீட்டினார்.

"தேதியப் பாரு ஆத்தா. அப்ப நீ எங்கன இருந்த? அத எழுதிக் குடு. ஸ்கூல் சர்டிபிகேட்ட வச்சுக் குடு."

அவளுடைய மேல்முறையீட்டை நான்தான் அடித்துக் கொடுத்தேன். ஐந்து மாதத்தில் அவளை மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். ஏன் நீக்கினோம், ஏன் சேர்க்கிறோம் என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் காகிதங்களால் நடந்த ஒரே நல்ல காரியம் அது. அதுவும் அவர்கள் செய்த தவறை அவர்களே திருத்திக்கொண்டதுதான்.

'எங்கள் ரத்தத்தில்தான் வந்தது' என்று அக்கா கேட்ட அந்த ஒரு வரி இன்னும் வரவில்லை. அதற்காகப் போட்ட கேஸ் மதுரையில் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அவர் முதல் பஸ் ஏறி வந்துவிடுகிறார். அரசுத் தரப்பு அவகாசம் கேட்கிறது. கிடைக்கிறது. அவர் திரும்பப் போய் யூனிபாரம் தைக்கிறார். சமரசம் பேச ஒருமுறை ஆட்கள் வந்தார்கள். கோர்ட்டுக்கு வெளியே முடித்துக்கொள்ளலாம், எழுத்து மட்டும் வேண்டாம் என்றார்கள். "எழுத்து மட்டுந்தான் வேணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

போன மாதம் என் இடது முட்டி மறுபடி வீங்கியது. பூசணிக்காய் மாதிரி. அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். வேறு எங்கே போவது. ஃபாக்டர் இல்லை. எப்போது வரும் என்று தெரியாது. பிளாஸ்மா ஏற்றலாம் என்றார்கள். நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினார். அச்சடித்த படிவம். ரத்தம் மற்றும் ரத்தப் பொருள்கள் ஏற்றுவதால் ஏற்படும் எந்த விளைவுக்கும் மருத்துவமனை நிர்வாகம் பொறுப்பல்ல என்பதை அறிவேன். கீழே கையெழுத்துக்குக் கோடு.

பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

"என்னா இது, அடிக்கக் கூடாதுங்க," என்றார் நர்ஸ்.

"அந்த வரி எனக்குத் தெரியாதும்மா. தெரியாதத அறிவேன்னு எப்படிப் போடுறது?"

"வேற பாரம் தர்றேன், ஒழுங்கா போட்டுக் குடுங்க."

இரண்டாவது படிவத்திலும் அதே வரியை அடித்தேன். மூன்றாவது படிவம் கொடுக்கவில்லை. டாக்டர் வரட்டும் என்று போய்விட்டார். கால் விண்விண் என்று தெறித்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ் பையை முட்டிமேல் பிடித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டுத் தொலைங்க என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை போட்டிருப்பேன்.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பயிற்சி டாக்டர் வந்தார். படிவத்தைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார். "டெஸ்ட் பண்ணுன ரிப்போர்ட் வந்துருச்சா?" என்று நர்ஸைக் கேட்டார். கீழே ரத்த வங்கியிலிருந்து கொண்டுவந்த சீட்டை என்னிடமே கொடுத்தார். ஐந்து வகைக்கும் எதிரில் டிக் இருந்தது. கையெழுத்தும் இருந்தது, வாசிக்க முடிகிற கையெழுத்து.

"ஏத்துங்க சிஸ்டர்," என்று அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நர்ஸ் ஊசியைக் குத்தினார். என் படிவம், அடித்த வரியோடு, கட்டில் காலில் தொங்கிய அட்டையில் இருந்தது. பையிலிருந்து மஞ்சளாகச் சொட்ட ஆரம்பித்தது. மனைவி ஐஸ் பையைக் கை மாற்றிப் பிடித்தாள்.